இரண்டு விரலில் ஒரு கிட்டார்

இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் இடது கை மோதிர விரல் மடங்கியபடியே நிற்கிறது. வலது கையால் பிடித்து நீட்டினால் 'டக்'கென்று விடுகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "வயசானா வர்றதுதான், விரலுக்கு ஓய்வு குடுங்க" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் டைப் அடித்த விரல் ஓய்வு கேட்பதில் தப்பில்லை. ஆனால் ரிடையர் ஆனபின் நான் தூசி தட்டி எடுத்த ஒரே பொருள் கிட்டார்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த என் பெரியப்பா மகன், லீவில் புதுச்சேரிக்கு வந்தபோது கொண்டுவந்து விட்டுப்போனது அது.

கிட்டாரில் வலது கை மீட்டும். இடது கைதான் மெட்டுகளின் மேல் தந்தியை அழுத்திச் சுரத்தை உண்டாக்கும். (வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலைதான்.) அந்தக் கையை எப்படி வைப்பது என்று பழைய ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பார்சலோனாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஃபெர்னாண்டோ சோர் 1830-இல் பிரெஞ்சில் ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். கட்டை விரல் கழுத்தின் பின்புறம் நடுவில் இருக்க வேண்டும், மேலே எட்டிப் பார்க்கக் கூடாது, அப்போதுதான் மற்ற நாலு விரலும் தாராளமாக எட்டும் என்பது அவர் கட்சி. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதை நேராகப் படிக்க முடிந்தது. சரி, நாலு விரல் இல்லாதவன் என்ன செய்வது?

அதற்குப் பதிலாக வாழ்ந்தவர் ஜாங்கோ ரைனார்ட். 1910 ஜனவரி 23-இல் பெல்ஜியத்தில் லிபெர்ஷி என்ற ஊரில், ஒரு குதிரை வண்டி வீட்டில் பிறந்தவர். மானுஷ் என்று சொல்லப்படும் நாடோடி இனம். பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. சிறுவயதிலேயே பாரிஸ் நடன விடுதிகளில் அக்கார்டியன்காரர்களுக்குப் பக்கமாக பாஞ்சோ வாசித்துச் சம்பாதித்தார். பதினெட்டு வயதுக்குள் கல்யாணமும் ஆகிவிட்டது. ஜாக் ஹில்டன் என்ற பெரிய ஆங்கில வாத்தியக் குழுத் தலைவர் அவரைத் தன் குழுவுக்கு அழைத்திருந்த நேரம் அது.

1928-இன் கடைசி மாதங்களில் ஓர் இரவு. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாயிட் பூக்கள் வண்டி முழுக்கக் கிடந்தன. மெழுகுவர்த்தி அதன் மேல் விழுந்தது. செல்லுலாயிட் எப்படிப் பிடிக்கும் என்பது பழைய சினிமாக் கொட்டகை தெரிந்தவர்களுக்குத் தெரியும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருவரும் எப்படியோ வெளியே வந்தார்கள். ஜாங்கோவுக்கு வலது காலும் இடது கையும் வெந்துவிட்டன. காலை எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள், அவர் ஒப்பவில்லை. கால் பிழைத்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் சுருங்கி அப்படியே நின்றுவிட்டன.

ஒன்றரை வருஷம் போலப் படுக்கையும் சிகிச்சையும். தம்பி ஜோசப் ஒரு கிட்டார் கொண்டுவந்து கொடுத்தார். அங்கேதான் அவர் புதிதாக ஆரம்பித்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த இரண்டும்தான் ஓடும். மற்றவர்கள் கையை ஓரிடத்தில் நிறுத்தி நாலு விரலால் குறுக்கே எடுக்கும் சுரங்களை, இவர் கையையே கழுத்தின் நீளத்துக்கு ஓடவிட்டு எடுத்தார். அடுத்தடுத்த அரைச் சுரங்களை ஒரே விரலைச் சறுக்கி இறங்கினார். ஆறு தந்தியும் பேசும் கோர்வை முடியாது என்பதால் தேவையான மூன்று நாலு சுரத்தை மட்டும் பொறுக்கினார். சுருங்கிய விரல்களையும் சும்மா விடவில்லை. கோர்வை பிடிக்கும்போது கீழ்த் தந்திகளின் மேல் அவற்றை அணைத்து வைப்பாராம். கட்டை விரலோ, சோர் கூடாது என்ற இடத்துக்கே மேலாக வந்து தடித்த தந்தியை அழுத்தியது!

1934-இல் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு பாரிசில் தொடங்கிய ஐவர் குழு, 1940-இல் பதிவான 'நுவாஜ்', அதெல்லாம் எல்லோரும் எழுதியதுதான். 1938 வாக்கில் எடுத்த ஒரு குறும்படத்தில் அந்தக் கையை அருகில் காட்டுகிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டே விரல்தான் ஓடுகிறது. 1953 மே 16-இல், 43 வயதில் காலமானார்.

இந்தக் கதை அவரோடு நிற்கவில்லை. 1965-இல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் டோனி அயோமி என்ற பையன், தகடு வெட்டும் இயந்திரத்தில் வலது கை இரண்டு விரல் நுனிகளை இழந்தான். இடது கைக்காரன், அதனால் அவனுக்கு மெட்டு அழுத்தும் கை அதுதான். இனி வாசிப்பில்லை என்று உட்கார்ந்திருந்தவனுக்குத் தொழிற்சாலை மேலாளர் போட்டுக் காட்டியது ஜாங்கோவின் இசைத்தட்டு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டு அவன் மறுபடி வாசித்தான். அந்தச் சத்தம் என் காதுக்கு ஒத்துவராது, அது வேறு விஷயம்.

பேரன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து நானும் முயல்கிறேன். சோர் மன்னிக்கட்டும், கட்டை விரல் மேலே வந்தாயிற்று. பழைய வால்ஸ் ஒன்றில் முதல் எட்டுத் தாள அளவு இரண்டு விரலில் ஓடிவிடுகிறது. ஒன்பதாவதில் பழக்கதோஷத்தில் மோதிர விரல் தானாக எழுகிறது. அங்கேயே 'டக்'கென்று மாட்டிக்கொள்கிறது.