பெருந்துறை எங்கே போயிற்று?

பெருந்துறை என்றால் இன்று ஈரோடுதான் நினைவுக்கு வரும். சிப்காட், மருத்துவக் கல்லூரி, கோவைச் சாலை. இன்னொரு பெருந்துறை புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்குத் தெற்கே 14 கிலோமீட்டரில் இருக்கிறது. பேருந்துப் பலகையில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆவுடையார்கோயில் என்று கேட்டுத்தான் ஏற வேண்டும். கருவறையில் லிங்கம் இல்லாமல் ஆவுடை மட்டும் இருப்பதால் இறைவன் ஆவுடையார் ஆனார், அவர் கோயில் ஊராயிற்று. பழைய பெயர் 'திரு' சேர்ந்து திருப்பெருந்துறையாகக் கோயிலுக்குள் ஒதுங்கிவிட்டது. அந்தக் கோயில் இருப்பதோ திருவாவடுதுறை ஆதீனத்தின் நிருவாகத்தில். ஒரு துறையின் கணக்கை இன்னொரு துறை பார்க்கிறது.

கூரை விளிம்பான கொடுங்கையின் சிற்பம் பார்க்க வருகிறவர்கள் ஊர்ப்பெயரைப் பற்றி யோசிப்பதில்லை. யோசித்தால் இடிக்கும். கடல் இங்கிருந்து 15 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளியிருக்கிறது. அப்படியிருக்க, துறை எப்படி வந்தது, அதிலும் பெருந்துறை?

துறை என்ற சொல் கடலுக்கே உரியது அன்று. நீருக்குள் மனிதர்கள் இறங்கி ஏறும் இடம் எதுவும் துறைதான். குளிக்கும் துறை, துணி வெளுக்கும் துறை, ஓடம் விடும் துறை. காவிரிக் கரையில் மயிலாடுதுறை, திருப்பராய்த்துறை என்று வரிசையாக இருப்பவை ஆற்றுத் துறைகள். கன்னடத்தில் இதே சொல் 'தொறெ' என்று நின்று ஆற்றையே குறிக்கிறது. மலையாளத்தில் 'துற' என்றால் கடலோர மீனவர் குடியிருப்பு. வேர் ஒன்று, ஒரு மொழி ஆற்றை எடுத்துக்கொண்டது, ஒன்று கடற்கரையை எடுத்துக்கொண்டது, தமிழ் இரண்டையும் விடவில்லை. முத்துக்குப் பேர்போன கொற்கைக்குச் சங்கப்புலவர் பெருந்துறை என்று அடைகொடுத்ததும் உண்டு. ஈரோட்டுப் பெருந்துறைக்குக் கடல் வாடையே கிடையாது என்பதும் உண்டு. ஆகவே பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆவுடையார்கோயிலில் கப்பல் நின்றது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்த ஊருக்குக் குதிரை இருக்கிறது. பாண்டியனின் அமைச்சர் திருவாதவூரர் கீழைக் கடற்கரையில் வந்திறங்கும் குதிரைகளை வாங்கப் பொன்னோடு புறப்பட்டார். இந்தப் பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, பொன்னையெல்லாம் கோயிலுக்குச் செலவிட்டு, மாணிக்கவாசகரானார். குதிரை எங்கே என்று கேட்ட அரசனுக்காக இறைவன் அருளால் நரி பரியானதும், பரி மறுபடி நரியானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. புராணத்தைச் சான்றாக்கக் கூடாது என்பார்கள், சரிதான். நரி பரியானதை நான் சான்றாக்கவில்லை. கணக்கில் வைப்பது கதை சொன்னவர் யோசிக்காமலே எடுத்துக்கொண்ட பின்னணியை: குதிரை கடல்வழி வரும், அரசாங்கப் பணத்தில் வாங்கப்படும், வாங்க இந்தப் பக்கம்தான் போக வேண்டும். கேட்டவர்களுக்கு அதில் வியப்பில்லை.

வியப்படைய அவசியமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இந்தக் குதிரை வணிகத்தை விரித்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் மாபாருக்கும் குஜராத்தின் கம்பாயத்துக்கும் மற்றத் துறைகளுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின என்பது வஸ்ஸாஃப் தரும் கணக்கு. வந்த குதிரைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் சாகவிட்டு, மறு ஆண்டு மறுபடி வாங்கினார்கள் என்பது மார்க்கோ போலோவின் அங்கலாய்ப்பு.

அவர்கள் சொல்லும் மாபார் எது? பாண்டிநாட்டுக் கரைக்கு அரபியர் இட்ட பெயர். அரபியில் 'கட' என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. கடக்கும் இடம், தோணித்துறை என்று பொருள். ஒரு நாட்டையே துறை என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

இங்கே நின்று எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். இலங்கையில் மன்னாருக்கு அருகே, திருக்கேதீச்சரம் இருக்கும் இடம் மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். 1980களில் ஜான் கார்ஸ்வெல் அங்கே நடத்திய அகழாய்வு, பல நாட்டுச் சரக்கு கைமாறிய பெரிய துறைமுகத்தைக் காட்டியது. மாதோட்டம் என்றதும் தமிழ்க் காதில் தோட்டம் விழுகிறது. மாமரத் தோட்டம் என்று விளக்கம் சொல்லவும் ஆள் உண்டு. மகாவம்சம் அதை மகாதித்த என்கிறது. பாலியில் தித்த என்பது வடமொழித் தீர்த்தம், இறங்குதுறை. அது சிங்களத்தில் தேய்ந்து தொட்ட ஆனது: அம்பாந்தோட்டை, பெந்தோட்டை எல்லாம் இந்தக் குடும்பம். மகாதித்த, மாதொட்ட, மாதோட்டம். மகா என்பது பெரிய. தித்த என்பது துறை. மாதோட்டத்தைத் தமிழில் பெயர்த்தால் பெருந்துறை.

ஆழமில்லாத ஒரு சிறு கடல். அதன் இரு கரையிலும் இரண்டு மொழியில் ஒரே பெயர். மூன்றாவது மொழியில் வந்த வணிகர் கரை முழுவதற்குமே அந்தப் பெயரை வைத்தார். ஒன்றைப் பார்த்து ஒன்று வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். இந்தக் கடலில் மனிதர்களுக்கு முக்கியமாக இருந்தது கடப்பதும் இறங்குவதும்தான். அதனால் மூவரும் அதையே சொன்னார்கள்.

பாக் விரிகுடா என்று இன்று வழங்கும் பெயர் 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்குடையது. அதன் ஆழம் பெரும்பாலும் 13 மீட்டரைத் தாண்டுவதில்லை; கரையோரம் சேறும் மணலும். பெரிய மரக்கலம் கரையை ஒட்டி வராது. எட்டி நங்கூரமிட்டுச் சரக்கைத் தோணியில் இறக்க வேண்டும். இறக்கிய தோணி எங்கே போகும்? ஆற்று வாய்க்குள். தென்வெள்ளாறு மணமேல்குடிப் பக்கம் கடலில் சேர்கிறது. அதன் கரையை ஒட்டிய ஊர்தான் திருப்பெருந்துறை. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் பழைய எல்லையும் அந்த ஆறே. கடலில் வந்த சரக்கு நிலத்துக்கு ஏறி, மதுரைச் சாலையைப் பிடிக்கும் உள்துறை இது என்பது என் கணிப்பு. கல்லால் கட்டிய கரை எதையும் இதற்காகத் தேடவேண்டியதில்லை. துறையைக் கட்டுவதைவிட ஆற்றுவாய் தூராமல் இருப்பதே பெரிது.

கட்டாத துறையை எப்படிக் காப்பது? சட்டத்தால். யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவுக் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சிங்கள அரசன், தமிழில் வெட்டியது. வாசிக்க வேண்டியவர்கள் தமிழ் வணிகர்கள் என்பதால். பரதேசிகள், அதாவது அயல்நாட்டார், ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரைக்குக் காட்டிய சலுகையைப் பாருங்கள்! உடைந்த கப்பலின் சரக்கு கரைக்குரிய அரசனுக்கே என்று பறித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்த காலம் அது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் 1244இல் அபய சாசனம் கொடுத்ததும் இந்தப் பறிமுதலை நிறுத்தத்தான். ஊராத்துறை என்ற அந்தப் பெயர்தான் இன்றைய ஊர்காவற்றுறை. ஊரைக் காக்கும் துறை என்று பின்னால் வந்தவர்கள் பொருள் பண்ணிக்கொண்டார்கள். கல்வெட்டில் காவல் பெயரில் இல்லை, வாசகத்தில் இருக்கிறது.

புதுக்கோட்டைக் கரையில் இன்று துறை என்று முடியும் பெயர்கள் எடுத்துக்காட்டுக்கு அகப்படுவது அரிது. கரையோரமாக வந்தால் கிருஷ்ணாஜிப்பட்டினம், அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம். எங்கும் பட்டினம். கிருஷ்ணாஜியின் 'ஜி'யில் தஞ்சை மராட்டியர் வாடை அடிக்கிறது. இந்தக் கரை தஞ்சையோடு இருந்ததுதான். புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அறந்தாங்கிப் பகுதியோடு சேர்ந்து கடலும் வந்தது.

பட்டினம் என்றால் கடற்கரை ஊர், பட்டணம் என்றால் உள்நாட்டு நகரம் என்று பாகுபாடு சொல்லுவது வழக்கம். பேச்சில் அது நிற்பதில்லை. கடற்கரை நகரமான சென்னையைத்தான் கிராமத்தார் பட்டணம் என்றார்கள். இந்தச் சொல்லுக்குத் துறையைவிடப் பரந்த பயணம்: மசூலிப்பட்டணம், விசாகப்பட்டணம், பிகாரின் பாட்னா, குஜராத்தின் பாடன். வடமொழியில் பத்தனம், பட்டனம் என்று இருக்கிறது. திராவிடத்திலிருந்து போனது என்பார் ஒரு சாரார். அர்த்தசாஸ்திரத்தில் பத்தன அதிகாரி வகுத்த ஒழுங்கைக் கப்பல் அதிகாரி காக்க வேண்டும் என்று விதி. புயலில் அடிபட்டு வந்த கப்பலைத் தகப்பன்போல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது அந்த நூல். ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் மெய்க்கீர்த்தி தங்கள் ஊர்களை எண்ணும்போது பட்டினம் 18, வேளாபுரம் 32, கடிகைத்தாவளம் 64 என்கிறது. சரக்கின்மேல் வணிகரே விதித்துக்கொண்ட வரிக்குப் பட்டணப்பகுதி என்று பெயர். துறை இறங்கும் இடம். பட்டினம் வரி கட்டும் இடம். இரண்டுக்கும் வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

14ஆம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தானின் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, ஃபத்தன் என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதுகிறார். ஃபத்தன் என்பது நம் பட்டினம்தான். பொதுப்பெயரையே ஊர்ப்பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டதால் எந்தப் பட்டினம் என்று அறிஞர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். அங்கே கடலில் பெருமரங்களை நட்டு, மேலே ஒரு மர மண்டபம். கரையிலிருந்து அதற்குக் கூரைபோட்ட மரப்பாதை. எதிரி வந்தால் துறையிலுள்ள கப்பல்களையெல்லாம் அந்த மண்டபத்தோடு கட்டிவிடுவார்கள். வில்லாளிகளும் வீரர்களும் மேலே ஏறிக்கொள்வார்கள். இந்தக் கடலில் துறைமுகம் 'கட்டியதற்கு' எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பழைய வருணனை இது. கல் இல்லை, மரம். அதனால்தான் மிச்சமும் இல்லை.

துறைமுகம் என்ற சொல்லில் முகம் ஆற்றுவாய். கழிமுகம், முகத்துவாரம் என்பதில் வரும் அதே முகம். மலையாளத்திலும் துறமுகம்தான். வாய் திறந்திருந்தால்தான் துறை. நடுக்கடலிலும் இதே கதைதான். 2005 ஜூலை 2இல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம் இந்தக் கடலில் 12 மீட்டர் ஆழத்துக்கு, 300 மீட்டர் அகலத்துக்குத் தோண்டப் பார்த்தது. ராமர் பாலத்தில் அது வழக்காகி நின்றதைத்தான் எல்லோரும் பேசினார்கள். தோண்டிய இடத்தில் மறுபடி வந்து படியும் சேற்றைப் பற்றிய பேச்சு கடலோடிகளிடமும் பொறியாளர்களிடமும்தான் இருந்தது.

சரக்குக் கப்பலுக்கான துறைமுகம் இன்று இந்த மாவட்டத்தில் இல்லை. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மீன்பிடித் தளங்கள். விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால் தூர்வாரக் கேட்டு மனு போகும். சிறு துறைமுகங்களைக் கவனிக்கும் அரசுப் பிரிவின் பெயர் நெடுஞ்சாலைகள் மற்றும் சிறு துறைமுகங்கள் துறை.