கைரேகை மேசையில் இல்லாத பெயர்கள்

அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்தில் 2007ஆம் ஆண்டு ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. சிஎஸ்ஐ தொலைக்காட்சித் தொடரை வைத்து உருவாக்கப்பட்ட கண்காட்சி அது. பெற்றோர், பிள்ளைகள் என்று குடும்பமாக உள்ளே போகலாம். வீட்டின் வரவேற்பறைக்குள் பாய்ந்து நிற்கும் கார், தங்கும் விடுதிக்குப் பின்னால் இறந்து கிடக்கும் பணிப்பெண், பாலைவனத்தில் கிடக்கும் எலும்புக்கூடு என மூன்று சம்பவங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தடயங்களைக் குறித்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் அறிக்கை கொடுக்க வேண்டும்.

குடும்பங்களுக்காக நடத்தப்படும் இத்தகைய தடயவியல் கண்காட்சிகளில் கைரேகை மேசை இல்லாமல் இருப்பது அரிது. விரலில் உள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கின்றன. அதன்மேல் மெல்லிய பொடியைத் தூரிகையால் தடவினால் பசையுள்ள இடத்தில் மட்டும் பொடி பிடிக்கும். ஒட்டும் நாடாவை வைத்து எடுத்தால் ரேகை கையோடு வந்துவிடும். பிள்ளைகளுக்கு இது மந்திரவித்தை போலத்தான் இருக்கும். ஆனால், அந்த வித்தைக்குப் பின்னால் நம் வரலாற்றோடு தொடர்புடைய ஒரு கதை உண்டு. அதைச் சொல்லித்தர அந்த மேசையில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.

கதை தொடங்குவது வங்காளத்தில். 1858இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குக் கல் கொண்டுவர ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் எழுதினார். பிறகு 'இது என் கையெழுத்தே இல்லை' என்று அவர் மறுத்துவிடக் கூடாதே என்று, உள்ளங்கை முழுவதிலும் மை தடவி ஒப்பந்தத்தின் பின்புறம் பதியவைத்தார். மிரட்டி வைக்கத்தான் அப்படிச் செய்தார் ஹெர்ஷல். காலப்போக்கில்தான் ஒருவரின் ரேகை வயதானாலும் மாறுவதில்லை என்பதைக் கவனித்தார். 1880இல் ஜப்பானில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஹென்றி ஃபோல்ட்ஸ், குற்றவாளியைக் கண்டுபிடிக்க ரேகை உதவும் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்.

எல்லாம் சரி. ஆனால், ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்கள் குவிந்துவிட்டால், வேண்டிய ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? கணினி இல்லாத காலம் அது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு சப்-இன்ஸ்பெக்டர்கள். ஹக் கல்லூரியில் கணிதம் படித்தவர். அவர்களுடைய கணக்கைக் கேட்டால் எளிமை வியக்கவைக்கும். பத்து விரல்களையும் ஐந்து ஜோடிகளாகப் பிரித்து, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு கொடுத்தார்கள். சுழி உள்ள விரலுக்கு மட்டுமே மதிப்பு. மற்ற ரேகைக்குப் பூஜ்யம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலை மேலெண்ணுக்கும் மற்றதைக் கீழெண்ணுக்கும் கூட்டி, இரண்டிலும் ஒன்றைச் சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். மேலே 32, கீழே 32 என மொத்தம் 1,024 வகைகள். அத்தனை அறைகள் கொண்ட ஓர் அலமாரி இருந்தால் போதும், தேட வேண்டிய அறை எது என்று உடனே தெரிந்துவிடும்.

1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. ஜல்பாய்குரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்து அறுக்கப்பட்டு இறந்துகிடந்த வழக்கு அது. பணம் திருடுபோயிருந்தது. அங்கிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் மங்கலான பழுப்புநிறக் கறைகள். அதிலிருந்த விரல் பதிவு, முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரர் காங்காலி சரணின் ரேகையோடு பொருந்தியது. திருட்டுக் குற்றம் உறுதியானது. கொலையை யாரும் கண்ணால் பார்க்காததால் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ரேகை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அந்த நீதிமன்றம் அன்றே அளந்து பார்த்துவிட்டது.

1901இல் ஹென்றி லண்டனுக்குப் போனார். முறையும் அவரோடு போனது, 'ஹென்றி முறை' என்ற பெயரில். ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும் போஸுக்கு ராய் பகதூர் பட்டமும் பின்னாளில் கிடைத்தன. தம் அலுவலகத்தில் வேறெவரையும் விட ஹக்தான் அந்த முறைக்கு அதிகம் உழைத்தார் என்று ஹென்றியே 1926இல் கடிதம் எழுதினார். அதற்குள் பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. இன்றும் பாடநூல்களில் ஹென்றிதான்.

தமிழகத்துக்கும் இந்த மை வந்தது, வேறு வடிவத்தில். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், பிறந்த சாதியை வைத்தே சிலரைக் குற்றவாளிகளாகப் பட்டியலிட்டு, அவர்களின் ரேகையைப் பதிந்தார்கள் ஆங்கிலேயர்கள். தவறு செய்தவரைக் கண்டுபிடிக்க வந்த கருவி, எந்தத் தவறும் செய்யாதவரின் விரலைக் கேட்டது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தனர். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனதாக ஊரார் சொல்லும் மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, அவசரகாலத்தின்போது, மலாயாவில் பெருவிரல் ரேகையுடன் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். 2001இல் வந்த மைகார்டின் சில்லிலும் இரு பெருவிரல்களின் ரேகை இருக்கிறது. பெருங்காமநல்லூரில் இறந்த பதினாறு பேருக்கும் அவ்வூரில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டுள்ளது.