வீட்டு ரவுட்டரின் ஃபார்ம்வேர்: குறை யாருடையது?

2017 ஜூலைக் கடைசியில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் பிராட்பேண்ட் மோடம்கள் நாட்டின் பல பகுதிகளில் செயலிழந்தன. 60,000க்கும் மேற்பட்ட மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. பிரிக்கர்பாட் என்ற தீநிரலை ஏவிய ஒருவர், தன்னை ஜானிட்டர் என்று அழைத்துக்கொண்டு, இதைத் தானே செய்ததாக அறிவித்தார். வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த அறிவுரை, மோடத்தின் ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்பது. அந்த அறிவுரையில் தவறில்லை. ஆனால் அது, கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபார்ம்வேரின் குறையைப் பயனரின் குறையாக மாற்றிவிடுகிறது. கருவி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவரே அதன் பாதுகாப்புக்கும் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில், விழுப்புரம் மாவட்ட எல்லையை ஒட்டிய மடுகரை போன்ற ஊரில் அந்தக் கால மோடம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கும் என்று பார்ப்போம். லைன்மேன் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, பயனர்பெயரிலும் கடவுச்சொல்லிலும் 'அட்மின்' என்றே அடிப்பார். லைனுக்குரிய எண்களாக விபிஐ 0, விசிஐ 35 என்று கொடுப்பார். இணைப்புக்குரிய பெயரைப் பதிந்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டாவது கடவுச்சொல் ஒன்று இருப்பதே வீட்டாருக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வைஃபை பாஸ்வேர்டு மட்டுமே. தங்களிடம் தரப்படாத ஒன்றை மாற்றவில்லை என்று அவர்கள்மேல் குறை சொல்ல முடியுமா?

கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும் எல்லாத் தாக்குதலும் நின்றிருக்காது. ஸைனாஸ் வகை ஃபார்ம்வேர் கொண்ட பல மலிவு மோடம்களில், மோடத்தின் முகவரிக்குப் பின்னால் 'ரோம்-0' என்று சேர்த்து அடித்தாலே அமைப்புக் கோப்பு முழுவதும் இறங்கிவிடும் என்பது 2014இல் வெளியானது. கடவுச்சொல்லைக் கேட்காமலே கிடைக்கும் அந்தக் கோப்புக்குள்தான் கடவுச்சொல்லும் இருந்தது. எவ்வளவு கடினமான சொல்லை வைத்தாலும் பயனில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் செக்பாயிண்ட் நிறுவனம் அறிவித்த 'மிஸ்ஃபார்ச்சூன் குக்கி' குறை இன்னும் கவலைக்குரியது. ராம்பேஜர் என்ற சிறு வலைச்சேவை நிரலில் இருந்த அந்தக் குறையை, அதை எழுதிய அலெக்ரோ நிறுவனம் 2005இலேயே சரிசெய்துவிட்டது. ஆனாலும் ஒன்பது ஆண்டுகள் கழித்து ஒரு கோடியே இருபது லட்சம் கருவிகளில் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது. திருத்தம் நிரலாளரிடமிருந்து சில்லு தயாரிப்பாளருக்கும், அவரிடமிருந்து மோடம் தயாரிப்பாளருக்கும், பிறகு சேவை நிறுவனத்துக்கும் வந்தாக வேண்டும். இவர்களில் எவரையும் எந்தக் கடமையும் கட்டவில்லை. வீட்டார் இந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்கிறார்கள்.

விளைவு இணையம் நின்றுபோவது மட்டுமல்ல. 2014 மார்ச்சில் டீம் சிம்ரு என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் மூன்று லட்சம் ரவுட்டர்களின் டிஎன்எஸ் அமைப்பு மாற்றப்பட்டிருந்தது; மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. டிஎன்எஸ் மாறினால் அந்த வீட்டின் எல்லா போன்களும் எந்தத் தளத்துக்குப் போகின்றன என்பதை அயலான் தீர்மானிப்பான். இணையதளங்களில் மறையாக்கம் பரவியபின் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ரவுட்டரையே கைப்பற்றி, வேறொருவரைத் தாக்கும் படையில் சேர்ப்பதை மறையாக்கம் தடுக்காது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் டாய்ச்ச டெலிகாம் இணைப்புகளை முடக்கியது அப்படிப் படை திரட்டும் முயற்சிதான். அது வந்த வழி 7547ஆம் போர்ட். சேவை நிறுவனம் தொலைவிலிருந்து மோடத்தைப் பராமரிப்பதற்கென்றே இருக்கும் போர்ட் அது.

இன்று மடுகரை போன்ற ஊர்களுக்கும் ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபருக்கான மோடமாகிய ஓஎன்டி பெட்டியைப் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரரே மாட்டுகிறார். ஃபார்ம்வேரை ஏற்றும் அதிகாரம் மொத்தமும் சேவை நிறுவனத்திடம் போய்விட்டது. மின்துறை முத்திரையிட்ட மீட்டரில் கோளாறு என்றால் வீட்டுக்காரரைத் திறந்து பார்க்கச் சொல்வதில்லை. இங்கேயும் அதே நியாயம் வேண்டும்.

சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. பெங்களூரிலுள்ள தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம் வைஃபை ரவுட்டர்களுக்கான பாதுகாப்பு விதிகளை வகுத்திருக்கிறது. ஆனால் சான்றிதழ், விற்பனைக்கு வரும் நாளின் நிலையைச் சொல்வது; ஐந்தாண்டு கழித்து அதே பெட்டி திருத்தம் பெறுமா என்பது வேறு கேள்வி. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல்லைத் தடைசெய்து, எத்தனை காலம் திருத்தம் தரப்படும் என்பதை விற்கும்போதே அறிவிக்கக் கட்டாயப்படுத்தியது. இங்கே அந்தக் காலக்கெடு மாதக் கட்டண ரசீதிலேயே அச்சாக வேண்டும்; கெடு முடிந்த பெட்டியைச் சேவை நிறுவனம் தன் செலவில் மாற்றித் தர வேண்டும்.

லட்சக்கணக்கான வீடுகளில் எது பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என நிறுவனங்கள் கேட்கலாம். தொலைவிலிருந்து பராமரிப்பதற்கான டிஆர்-069 முறையில் இயங்கும் ஒவ்வொரு கருவியும் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொள்ளும்போது தன் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், ஃபார்ம்வேர் பதிப்பு ஆகியவற்றைத் தானே சொல்லிவிடுகிறது. தேவையான பட்டியல் அவர்களிடமே இருக்கிறது.