36 தேர்தல், ஒரே கட்சி: எலியட் கவுன்ட்டியின் கதை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கு மலைப்பகுதியில் எலியட் என்று ஒரு கவுன்ட்டி இருக்கிறது. கவுன்ட்டின்னா மாநிலத்துக்குள்ள ஒரு சின்ன நிர்வாகப் பகுதி. இதன் தலைமையிடம் சாண்டி ஹூக், சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர். கவுன்ட்டி முழுக்கச் சேர்த்தாலும் ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

இந்த இடத்தை நான் தேடிப் போனதுக்குக் காரணம் ஒரு எக்செல் ஷீட். கவுன்ட்டி வாரியான அதிபர் தேர்தல் முடிவுகளை ஓய்வு நேரத்தில் அடுக்கிப் பார்ப்பது என் பழக்கம். எலியட் உருவானது 1869-ல். 1872 தொடங்கி 2012 வரை மொத்தம் 36 அதிபர் தேர்தல். அத்தனையிலும் அங்கே ஜெயித்தது ஜனநாயகக் கட்சி. 1972-ல் நிக்சன் 49 மாநிலங்களை அள்ளினார், எலியட் மக்கவர்னுக்குப் போட்டது. 1984-ல் ரீகனும் 49 மாநிலங்களை அள்ளினார், எலியட் மாண்டேலுக்குப் போட்டது. 2008-ல், கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளையர்களாக இருக்கும் இந்தக் கவுன்ட்டியில் ஒபாமாவுக்கு 61 சதவீதம்.

பிறகு 2016. டிரம்ப்புக்கு 70 சதவீதம்!

ஒரே ராத்திரியில் ஊரே மாறிடுச்சா? அப்படித்தான் நிறைய பேர் எழுதினார்கள். ஆனால் வரிசையாகப் பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது 2004-ல் கெர்ரிக்கு சுமார் 70 சதவீதம், 2008-ல் 61, 2012-ல் 49, 2016-ல் 26. ஒபாமா 2012-ல் இங்கே ராம்னியை வென்றது வெறும் 60 ஓட்டில். "36-க்கு 36" என்ற சாதனைப் பட்டியலில் அது இன்னொரு வெற்றியாகப் பதிவாகிவிட்டது, அவ்வளவுதான். யார் ஜெயித்தார் என்பதை மட்டும் பார்த்தால், எட்டு வருஷமாக நடந்துகொண்டிருந்த சரிவு கண்ணுக்கே தெரியாது. அதே 2012-ல் கென்டக்கி மாநில அளவில் இன்னொரு அறிகுறியும் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், பதவியில் இருக்கும் அதிபருக்கு எதிராக "யாருக்கும் ஆதரவில்லை" என்ற கட்டத்தில் 42 சதவீதம் பேர் குத்தினார்கள்.

சரி, முதலில் இந்த விசுவாசம் எங்கிருந்து வந்தது? வேர் உள்நாட்டுப் போரில் இருக்கிறது. கென்டக்கி பிரிந்து போகவில்லை, ஆனால் அதன் இளைஞர்கள் இரண்டு படைகளிலும் சேர்ந்து சண்டை போட்டார்கள். போருக்குப் பிறகு, வடக்குப் பக்கம் நின்ற மலைப் பகுதிகள் லிங்கனின் குடியரசுக் கட்சியோடும், தெற்குப் பக்கம் சாய்ந்தவை ஜனநாயகக் கட்சியோடும் ஒட்டிக்கொண்டன. இதே கென்டக்கியில் ஜாக்சன் கவுன்ட்டி என்று ஒன்று உண்டு. அதுவும் மலை, அதுவும் ஏழை, அங்கேயும் வெள்ளையர்கள்தான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அங்கே ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் ஒருவர்கூட வென்றதில்லை. பொருளாதாரம் மட்டும்தான் ஓட்டைத் தீர்மானிக்கிறது என்பவர்கள் இந்த இரண்டு கவுன்ட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

தாத்தா போட்ட ஓட்டைப் பேரனும் போட ஒரு பிடிமானம் வேணுமே? எலியட்டுக்கு அது புகையிலை என்று நினைக்கிறேன். ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த ஒதுக்கீடு, விலை ஆதரவுத் திட்டங்களால் சரிவு நிலத்தில் கொஞ்சமாகப் பயிரிட்ட குடும்பமும் பிழைத்தது. அரசாங்கம் நமக்கு உதவும் என்பது அங்கே பள்ளத்தாக்கு விவசாயி கையில் காசாகப் பார்த்த விஷயம். 2004-ல் வந்த சட்டம் அந்த ஒதுக்கீட்டு முறையை முடித்துவைத்தது. இழப்பீட்டுத் தவணைகள் 2014 வரை வந்து நின்றன. தேதிகளைச் சரிவோடு பொருத்திப் பார்த்தால் யோசிக்க வைக்குது. இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வருஷங்களில் நிலக்கரி, துப்பாக்கி, மதம், ஒபாமா மீதான வெறுப்பு எல்லாமே கிழக்கு கென்டக்கி முழுக்க ஓட்டை நகர்த்தியவை.

இன்னொரு நுணுக்கம். கென்டக்கியில் ஒரு கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட, அந்தக் கட்சிக்காரராகப் பதிவு செய்திருக்கணும். ஷெரீஃப் யார், கவுன்ட்டி நீதிபதி யார் என்பதெல்லாம் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே முடிவாகும் ஊரில், யாராக இருந்தாலும் அந்தக் கட்சியில் பதிவு செய்வதுதான் புத்திசாலித்தனம். ஆக, பதிவேட்டை வைத்து மனதைப் படிக்க முடியாது.

2016-க்குப் பிறகும் கதை நேர்கோட்டில் போகவில்லை. 2019 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் எலியட்டில் ஜெயித்தார். அடுத்த வருஷமே டிரம்ப்புக்கு அங்கே சுமார் 75 சதவீதம். பெரும்பாலும் அதே மக்கள், ஒரு வருஷ இடைவெளி. ஆசிரியர் ஓய்வூதியம், மருத்துவ உதவி என்று பேசிய ஆளுநர் வேட்பாளருக்கு ஒரு கணக்கு, வாஷிங்டனுக்கு வேறு கணக்கு.

இந்த மாதிரி ஊர்களை "முட்டாள்தனமா ஓட்டுப் போடறாங்க" என்று ஒதுக்குவது சுலபம். 144 வருஷம் ஒரே கட்சிக்குப் போட்டபோது "கண்மூடித்தனமான விசுவாசம்" என்றார்கள், மாறினபோது "ஏமாந்துட்டாங்க" என்றார்கள். ரெண்டு முறையும் யாரும் வித்தியாசத்தின் அளவைப் பார்க்கவில்லை. ஒரு ஊரின் மனசு மாறுவதை வெற்றிப் பட்டியல் கடைசியாகத்தான் சொல்லும். அடுத்த முறை "பாரம்பரியக் கோட்டை" என்று எங்கேயாவது படித்தால், முந்தைய மூன்று தேர்தலின் சதவீதத்தையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.