பூவும் களையும்: மலையக மண்ணின் வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

மருதநிலத்தைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர்கள், வயலிற் பூத்த குவளையையும் நெய்தலையும் உழத்தியர் களையாகப் பறித்து எறிவதைக் காட்டுவர். குளத்திலே நின்றால் அது மலர். நெல்லுக்கு இடையூறாக நின்றால் களை. எனவே, களை என்பது தாவர இனமொன்றன் பெயரன்று. நிலத்தை ஆள்வோர் ஒரு செடிக்கு வழங்கும் தீர்ப்பே அது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் அத்தீர்ப்பு எவ்வாறு வழங்கப்பட்டது என்பது ஆராயத்தக்கது.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டுகளில் கோப்பிச் செடிகளைத் துருநோய் பற்றியது. கோப்பி காலப்போக்கில் அழிந்தது. கோப்பித் துரைமாரின் களைக்கொள்கையோ அழியவில்லை. ஒரு புல்லேனும் பூத்து விதைவிடலாகாது, செடிகளுக்கிடையே வெறும் மண்ணே தெரிதல் வேண்டும் என்பது அக்கொள்கை. புல்லுவெட்டு கொந்தரப்பாக விடப்பட்டது. தொழிலாளர் சுரண்டி கொண்டு மலைச்சரிவுகளைச் சுரண்டினர். பூம்புல்லும் புளியாரையும் போயின. அவற்றோடு மேல்மண்ணும் இளகியது. இளகிய மண்ணைப் பருவமழை ஆறுகளிற் சேர்த்தது. காட்டின் கீழ்ப் பல நூற்றாண்டுகளாகத் திரண்ட மண் அது. துரைமாரின் கண்ணுக்கு இந்த வெறுமை ஒழுங்காகத் தோன்றியது என்பதே வியப்பு.

இத்தீங்கு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது. மண்ணரிப்பை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1931 இல் வெளியாயிற்று. 1925 இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும், எல்லாச் செடிகளையும் ஒருங்கே அகற்றுதல் வேண்டாம் என்னும் கருத்தை வளர்த்தது. இலுக்குப்புல் போன்றவை தேயிலையின் வேரோடு போட்டியிடுவன. அவற்றை அகற்றல் வேண்டும். புளியாரை இனத்துச் சிறு செடிகளோ மழைத்துளியின் தாக்குதலைத் தாங்கி மண்ணை மூடி நிற்பன. அவற்றை விட்டுவைத்தல் நன்று. நேற்றுவரை களையெனப்பட்டது இன்று மண்ணின் போர்வையாயிற்று! மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இல் இயற்றப்பட்டது. அதற்குள் இழந்தவற்றை எச்சட்டமும் மீட்டுத் தராது. சுரண்டச் சொன்னவர் வேறு, சுரண்டியவர் வேறு என்பதும், மண் மெலிந்து கொழுந்து குறையும் நாளில் அதன் சுமை யார்மேல் விழும் என்பதும் மலையகத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல.

இனி, துரையின் பங்களாப் பூந்தோட்டத்தின் பக்கம் வருவோம். அங்கே களை இல்லை, யாவும் மலர்களே. 1848 இல் நுவரெலியாவிற் குடியேற்றமொன்றை அமைக்கத் தொடங்கிய சாமுவேல் பேக்கர் முதலானோர், குளிர்ந்த அம்மலையைத் தம் நாட்டைப் போல ஆக்கிக்கொள்ள விழைந்தனர். விதைகளும் கன்றுகளும் கப்பலேறி வந்தன. அழகுக்காகக் கொணரப்பட்ட செடிகள் வேலியைத் தாண்டியபோது அவற்றை எந்தக் கொந்தரப்பும் தடுக்கவில்லை. பேராதனைப் பூங்கா வழியாக 1826 இல் வந்த உண்ணிச்செடி, இன்று நாடெங்கும் புதராய் மண்டிக் கிடக்கின்றது. மெக்சிக்கோ நாட்டுக்குரிய காட்டுச் சூரியகாந்தியும் அழகுக்காகவே வந்தது. அற்றன் பகுதியின் தெருவோரங்களில் அது பொன்போலப் பூத்து நிற்பதைக் காண்போர் அதனைக் களையென நினைப்பதில்லை. அதன் தழையை வெட்டித் தேயிலைக்குப் பசளையாக இடுவோரும் உளர். ஆதலின் அதன்மேல் ஒரே தீர்ப்பு வழங்குவது அரிது.

மஞ்சட் பூவும் கூரிய முள்ளும் கொண்ட கோர்ஸ் செடியின் நிலை அத்தகையதன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செடி ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளிகளிற் பரவி, அங்குள்ள இயற்கைத் தாவரங்களை நெருக்குகின்றது. அச்சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளுடன் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. முன்னோர் பூவென்று போற்றிய கோர்ஸை இப்போது அங்கே வேரோடு பிடுங்கி வருகின்றனர்.