வாடியாவை வெளியே அனுப்பிய ஒப்பந்தம்

பின்னி மில் என்றதும் நம்மில் பலருக்குச் சினிமா சண்டைக்காட்சிதான் ஞாபகம் வரும். இடிந்த சுவர், துருப்பிடித்த தூண், பறந்து பறந்து அடிக்கும் ஹீரோ. அதே பெரம்பூர் பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலைகளில் நூறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு சண்டை நடந்தது. தொழிலாளிக்காக யார் பேசலாம் என்பதுதான் அங்கே தகராறு.

தொடக்கம் ரொம்பச் சாதாரணமானது. ஆலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். சாமான் வாங்க வரும் தொழிலாளிகள் அவர்களிடம் புலம்புவார்கள். சாப்பாட்டு இடைவேளை அரை மணிதான், ஓடிப்போய்ச் சாப்பிட்டு ஓடிவரணும், மேஸ்திரி கைநீட்டுகிறார், இப்படி. கடைக்காரர்கள் இருவரும் பி.பி. வாடியாவைப் போய்ப் பார்த்தார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி, தியாசபிஸ்ட், அன்னி பெசன்டோடு சிறைவைக்கப்பட்டவர். அவருக்குத் தமிழ் தெரியாது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்.

ஆலை நிர்வாகத்தின் வாதம் எளிது. எங்கள் தொழிலாளிகளோடு நாங்கள் பேசிக்கொள்கிறோம், வெளியாளுக்கு இங்கே என்ன வேலை? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால், உள்ளே இருக்கும் ஒருவன் எழுந்து பேசினால் மறுநாள் அவன் வேலை இருக்குமா? வாடியாவை மட்டும்தான் முதலாளியால் வேலையை விட்டுத் தூக்க முடியாது. தமிழ் தெரியாத ஒருவர் பெரம்பூர் நெசவாளிக்குத் தலைவரானதன் ரகசியம் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷமே காட்சி வாஷிங்டனுக்கு மாறுகிறது. முதல் உலகப்போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை உருவாக்கியிருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் மாநாட்டில் நான்கு பிரதிநிதிகள்: அரசுக்கு இரண்டு, முதலாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று. தொழிலாளிப் பிரதிநிதியை அரசு தன் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது, நாட்டின் முக்கியமான தொழிலாளர் அமைப்புகள் ஒப்புக்கொள்ள வேண்டும். அடிமை நாடாக இருந்தும் இந்தியா அதில் உறுப்பினர். ஆனால் கேட்டு ஒப்புதல் வாங்க அகில இந்திய அமைப்பு என்று ஒன்றே கிடையாது. அதனால் 1919 மாநாட்டுக்கு அரசே என்.எம். ஜோஷியை நியமித்தது. அவருக்கு ஆலோசகராகப் போனவர் நம் வாடியா.

அந்த மாநாடு உலகத்துக்கு எட்டு மணி நேர வேலை என்றது. இந்தியாவுக்குத் தனிச் சலுகை, வாரம் 60 மணி. படிக்கும்போது கோபம்தான் வருகிறது. ஆனாலும் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க 1911 சட்டம் அனுமதித்திருந்த ஊரில், அந்த 60 மணிகூட 1922-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்த வைத்தது. இன்னொரு பலனும் உண்டு. அடுத்த பிரதிநிதியையாவது நாமே தேர்ந்தெடுக்கணும் என்ற அவசரம் சேர்ந்துதான் 1920 அக்டோபர் 31-ல் பம்பாயில் ஏ.ஐ.டி.யு.சி. பிறந்தது.

அதே அக்டோபரில் பெரம்பூரில் ஆலையைப் பூட்டிவிட்டார்கள். டிசம்பரில் துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். பின்னி கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்ட தலைவர்கள் மேல் வழக்கு. கோர்ட் தடையுத்தரவு கொடுத்தது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வழக்கிலிருந்து சங்கத்தைக் காக்க 1906-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே எதுவும் இல்லை. 1921 தொடக்கத்தில் சமரசம் ஆனது. தொழிலாளிகள் வேலைக்குத் திரும்பலாம், நீக்கப்பட்ட 13 பேருக்கு மட்டும் இடமில்லை, வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும். வாஷிங்டனில் இந்தியத் தொழிலாளிக்கு ஆலோசகராக உட்கார்ந்தவருக்குப் பெரம்பூரில் உட்கார இடமில்லை.

இங்கே கதையை நிறுத்தினால் வாடியா தியாகி, பின்னி வில்லன் என்று சுலபமாக முடிந்துவிடும். நிறுத்த முடியாது. அதே 1921-ல் அடுத்த வேலைநிறுத்தம் வந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம், மறுபடியும் துப்பாக்கிச் சூடு. அவர்களைக் 'கருங்காலி' என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகும் எழுத்துகளை எனக்குப் பிடிப்பதில்லை. சாதி இந்துக்கள் முன்னால் நின்ற சங்கம் தங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது என்று அவர்கள் ஏன் நம்பணும்? சங்கம் அதோடு உடைந்து போனது.

பின்னி வழக்கின் அதிர்ச்சியில் ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். இழுத்து இழுத்து 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கத்தின் மேல் இனி அப்படி வழக்குப் போட முடியாது. நிர்வாகிகளில் பாதிப்பேர்வரை வெளியாட்களாக இருக்கலாம் என்றும் அது சொன்னது. வாடியாவுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது, அவர் போன பிறகு. ஆனால் சங்கத்தை அங்கீகரித்து முதலாளி பேசியே ஆகணும் என்று அது சொல்லவில்லை. அதற்காக 1947-ல் செய்த திருத்தம் கடைசிவரை நடைமுறைக்கே வரவில்லை. சங்கம் சேரும் உரிமைக்கான 1948-ன் 87-ஆம் உடன்படிக்கை, கூட்டுப்பேரத்துக்கான 1949-ன் 98-ஆம் உடன்படிக்கை இரண்டிலும் இந்தியா சேரவில்லை. அரசு ஊழியர்களின் நடத்தை விதிகளைக் காரணமாகச் சொல்கிறார்கள். முதலாளி, தொழிலாளி இருவரையும் அரசு கலந்தாலோசிக்க வேண்டும் என்ற 144-ஆம் உடன்படிக்கையில் மட்டும் 1978-லேயே சேர்ந்தாயிற்று. கலந்து பேசுவோம், யார் பேசுவது என்பதை மட்டும் கேட்காதே!

2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 37 நாள். சம்பளமும் பிரச்சனைதான், ஆனால் முதல் கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரி என்பது. சங்கம் சி.ஐ.டி.யு.வோடு சேர்ந்தது, முன்னால் நின்ற தலைவர் ஆலை ஊழியர் அல்ல. நிர்வாகம் ஊழியர் குழு ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, எங்கள் தொழிலாளிகளோடு நாங்கள் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம் என்றது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்று ஓர் ஆட்சேபம் வேறு. விஷயம் ஹைகோர்ட்வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. நிர்வாகம் அதோடு உட்கார்ந்து பேசியே ஆகணும் என்று அந்தப் பதிவுச் சான்றிதழில் எங்கும் எழுதியிருக்காது.