மங்கிப்போன ஜன்னல்: இரட்டைக் கண்ணாடியின் வரலாறும் வைத்தியமும்

வெயில் தேசத்தில் ஜன்னலுக்கு முதல் வேலை காற்றை உள்ளே விடுவது. குளிர் தேசத்தில் அப்படியே தலைகீழ். வெளிச்சம் வர வேண்டும், காற்று வரக்கூடாது, காசு கொடுத்து வீட்டுக்குள் ஏற்றிய சூடு வெளியே போகவும் கூடாது. இந்த மூன்றையும் ஒரே பொருளிடம் கேட்டதில் பிறந்ததுதான் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான்.

அந்த வீடுகளில் ஒரு தொல்லை சகஜம். ஒரு நாள் காலையில் ஜன்னல் மங்கலாகத் தெரியும். உள்பக்கம் துடைத்தால் போகாது. வெளிப்பக்கம் துடைத்தாலும் போகாது. ஈரம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்! "ஜன்னல் ஆயுள் முடிந்துவிட்டது, சட்டத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்று சொல்ல ஆட்கள் தயாராக இருப்பார்கள். செலவு ஆயிரக்கணக்கான பவுண்டுகளில் போகும். ஆனால் உண்மையில் கெட்டது எது, கெடாதது எது? இதைத் தெரிந்துகொள்ள ஜன்னலின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

வரி கட்டிய வெளிச்சம்

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் வரி என்று ஒன்று இருந்தது. வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து பலர் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கண்ணாடிக்கும் 1845 வரை எடைக் கணக்கில் தனி வரி இருந்தது. ஒரு கண்ணாடிக்கே இப்படி என்றால் சாதாரண வீட்டில் இரண்டாவது கண்ணாடியைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

ஆனால் ஒற்றைக் கண்ணாடி குளிருக்குச் சுத்தமாகப் போதாது. வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடந்து போகிறது என்பதை யு மதிப்பு என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் குறைந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு இது 5-க்கு மேல். சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவில். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இரண்டாவது கண்ணாடி அல்ல, நடுவில் அசையாமல் நிற்கும் காற்று. கம்பளி சூடாக இருப்பதும் அதன் இழைகளுக்குள் சிக்கிய காற்றால்தான். இடைவெளி ரொம்பக் குறுகினால் வெப்பம் எளிதாகத் தாண்டிவிடும். ரொம்ப அகன்றால் உள்ளே இருக்கும் காற்றே சுழன்று வெப்பத்தைச் சுமந்துபோகும். அதனால்தான் 16 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இன்று பரவலாக இருக்கிறது.

ரஷ்யக் குளிரும் உப்புக் கிண்ணமும்

யு மதிப்பு எல்லாம் தெரியாத காலத்திலேயே ரஷ்யர்கள் இதற்கு வழி கண்டுவிட்டார்கள். இலையுதிர் காலம் முடியும்போது ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு ஜன்னல் சட்டத்தைப் பொருத்துவார்கள். விளிம்புகளைக் காகிதம் ஒட்டி அடைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அடியில் பஞ்சைப் பரப்புவார்கள். உப்பு வைப்பதும் உண்டு. நகர வீடுகளில் சின்னக் கண்ணாடிக் குவளையில் கந்தக அமிலம் வைப்பதும் வழக்கமாக இருந்தது. எல்லாம் எதற்கு? நடுவில் இருக்கும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, கண்ணாடி மங்காமல் காப்பதற்கு.

வசந்தம் வந்ததும் காகிதத்தைக் கிழித்து, உள்சட்டத்தைக் கழற்றி, துடைத்து எடுத்து வைத்துவிடுவார்கள். ஒரு கண்ணாடி உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். சட்டம் உளுத்தால் தச்சரைக் கூப்பிடலாம். திறக்கக்கூடியதாக இருந்ததால் பழுதுபார்க்கக்கூடியதாகவும் இருந்தது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டி மூடிய யோசனை

1865 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டெட்சன் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை ஒன்றைப் பெற்றார். இரண்டு தனி ஜன்னல்கள் எதற்கு? இரண்டு கண்ணாடிகளை இடைவெளி விட்டு நிறுத்தி, ஓரங்களை நிரந்தரமாக மூடி, ஒரே கண்ணாடி போல ஒரே சட்டத்தில் மாட்டலாமே என்பது அவர் யோசனை. இன்றைய இரட்டைக் கண்ணாடியின் அடிப்படை அப்படியே அதில் இருக்கிறது.

ஆனால் யோசனை இருந்து என்ன பயன்? வருடக்கணக்கில் வெயிலையும் பனியையும் தாங்கி, ஈரத்தை உள்ளே விடாத ஒட்டு அன்று கிடையாது. அதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1930-களில் அமெரிக்காவின் ஹேவன் என்பவரின் முயற்சியில் தெர்மோபேன் உருவானது. ஒஹையோ மாநிலத்தில் டொலிடோ நகரத்தின் லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடிகளின் ஓரத்தை உலோகத்தால் பிணைத்து மூடுவதுதான் அதன் சூட்சுமம். அந்தப் பெயர் எவ்வளவு பரவியது என்றால், ருமேனியாவில் எந்த நிறுவனம் செய்த இரட்டைக் கண்ணாடி ஜன்னலையும் "டெர்மோபான்" என்றுதான் சொல்கிறார்கள்.

1959-ல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் மிதவைக் கண்ணாடி முறையை உலகுக்கு அறிவித்தது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறை இது. தேய்த்து மெருகேற்றும் வேலை மிச்சமானது, நல்ல கண்ணாடி மலிவானது. இரண்டு கண்ணாடி போடுவது பணக்காரர்களின் ஆடம்பரம் என்ற நிலை மெல்ல மாறியது.

உயிர் ஓரத்தில் இருக்கிறது

இன்றைய இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தை வெட்டிப் பார்த்தால், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு குழல் சட்டம் ஓடும். அதற்குள் மணி மணியாக ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கும். ஷூ பெட்டிக்குள் வரும் சின்னப் பொட்டலத்தின் உறவு முறை என்று சொல்லலாம். பழைய ரஷ்ய வீட்டின் உப்புக் கிண்ணம் செய்த அதே வேலைதான்! குழலுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஈரத்தைத் தடுக்கும் ஒரு பிசின், அதற்கு வெளியே எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் ரப்பர் போன்ற இன்னொரு பிசின் என இரட்டைப் பூட்டு.

இந்த மூடிய பெட்டி சும்மா இருப்பதில்லை. வெயிலில் உள்காற்று விரிந்து கண்ணாடியை வெளியே தள்ளும். குளிரில் சுருங்கி உள்ளே இழுக்கும். தினமும் மூச்சு விடுவது போல இது நடக்கும். பிசின் வருடக்கணக்கில் இந்த ஆட்டத்தைத் தாங்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் பிசின் இன்னும் சீக்கிரம் கெடும். ஈரம் நுழைய ஆரம்பித்ததும் முதலில் அந்த மணிகள் குடித்துக்கொண்டே இருக்கும். அவை நிரம்பிய பிறகுதான் கண்ணாடி மங்கும். அதாவது, மங்கல் கண்ணில் படும்போது ஓரம் கெட்டு நாளாகியிருக்கும்.

பாஸ்டன் கற்பித்த பாடம்

ஓரம் எவ்வளவு முக்கியம் என்பதை உலகமே பார்த்தது 1973-ல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் ஹான்காக் கோபுரம் என்ற 60 மாடிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. முகம் முழுக்க இரட்டைக் கண்ணாடி, மொத்தம் 10,344. ஒவ்வொன்றும் சுமார் 4 அடிக்கு 11 அடி, எடை சுமார் 500 பவுண்டு. 1973 ஜனவரியில் அடித்த புயல் காற்றில் அவை உடைந்து தெருவில் விழ ஆரம்பித்தன. காலியான இடங்களில் ஒட்டுப்பலகையை அடித்தார்கள். ஊர் மக்கள் அதை "ஒட்டுப்பலகை அரண்மனை" என்று கிண்டல் செய்தார்கள். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கீழே இருந்த தெருக்களைக் கயிறு கட்டி மூடினார்கள்.

கட்டடம் ஆடுவதால் உடைகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையான காரணம் மிகச் சிறியது. கண்ணாடிகளின் ஓரத்தை இணைத்த ஈயப் பற்றாசு கொஞ்சமும் இளகாத அளவுக்கு உறுதியாகப் பிடித்திருந்தது. வெப்பத்தாலும் காற்றாலும் வரும் அசைவை அந்தப் பிணைப்பு விழுங்காமல் கண்ணாடிக்கே கடத்தியது. ஓரத்தில் விரிசல் விழுந்து கண்ணாடி உடைந்தது. கடைசியில் 10,344-ஐயும் கழற்றி, பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடியை மாட்டினார்கள். 1976-ல் கட்டடம் திறக்கப்பட்டது. ஓரம் இறுகவும் வேண்டும், இளகவும் வேண்டும் என்ற பாடத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

பிரிட்டனும் விற்பனையாளரும்

அதே 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. வீட்டைச் சூடாக்கும் செலவு எகிறியது. அடுத்த ஆண்டுகளில் பிரிட்டனில் இரட்டைக் கண்ணாடி வியாபாரம் சூடு பிடித்தது. மரச் சட்டத்தின் இடத்தை பிவிசி பிளாஸ்டிக் சட்டம் பிடித்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டி, மணிக்கணக்கில் பேசி, "இன்று கையெழுத்துப் போட்டால் பாதி விலை" என்று சொன்ன இரட்டைக் கண்ணாடி விற்பனையாளர், அந்த நாட்டின் நகைச்சுவையில் நிரந்தரப் பாத்திரமாகிவிட்டார்.

பிறகு கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு வந்தது, காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு வந்தது. யு மதிப்பு 1.2 அளவுக்குக்கூட இறங்கியது. 2002 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாற்று ஜன்னல்கள் கட்டட விதிகளுக்குள் வந்தன. முழு ஜன்னலை மாற்றினால் ஃபென்சா போன்ற அமைப்பின் சான்றோ உள்ளாட்சியின் ஒப்புதலோ வேண்டும். சட்டத்தை அப்படியே விட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றுவது பழுதுபார்ப்புதான், அதற்கு இந்தச் சான்று வேண்டாம். இந்த ஒரு வரி தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

இனி வைத்தியம். முதலில் ஈரம் எங்கே என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அறைப் பக்கம் என்றால் குற்றம் ஜன்னலுடையது அல்ல. சமையல், குளியல், உள்ளே காயப்போட்ட துணி ஆகியவற்றின் ஆவி அது. காற்றோட்டம் கொடுத்தால் போதும். வெளிப்பக்கம் காலைப்பனி போல இருந்தால் சந்தோஷப்படலாம்! உள்சூடு வெளிக்கண்ணாடிக்கு வரவில்லை, ஜன்னல் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நடுவில் இருந்தால் மட்டுமே ஓரம் கெட்டிருக்கிறது.

இரண்டாவது, சட்டத்தின் அடியில் இருக்கும் வடிகால் துளைகள். மழைநீர் சட்டத்துக்குள் கொஞ்சம் நுழையத்தான் செய்யும். வெளியேற வழி வைத்தே செய்திருக்கிறார்கள். தூசியும் பாசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, கண்ணாடியின் ஓரம் அதில் ஊறும். மெல்லிய கம்பியால் குத்தி, தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது பைசா செலவில்லாத வைத்தியம். கண்ணாடியின் ஆயுளையே இது நீட்டும்.

மூன்றாவது, குளிர்காற்று கசிவது. பெரும்பாலும் ரப்பர் பட்டை சுருங்கியிருக்கும், அல்லது கீல் தளர்ந்திருக்கும். பட்டையில் ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போனால் அதே வடிவத்தில் வாங்கிக் கையாலேயே காடியில் அழுத்திவிடலாம். கீலுக்கு நீளமும் உயரமும் பார்க்க வேண்டும். உயரம் பெரும்பாலும் 13 அல்லது 17 மில்லிமீட்டர்.

நான்காவது, பூட்டுச் சிக்கல். ஜன்னலைத் திறந்து வைத்துக் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். திறந்த நிலையில் சுலபமாகத் திரும்பி, மூடினால் மட்டும் திரும்பவில்லை என்றால், பூட்டு கெடவில்லை. கதவு தொய்ந்து இடம் மாறியிருக்கிறது. அழுக்கைத் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தாலே பல பூட்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

ஐந்தாவதுதான் பெரிய வேலை: மங்கிய கண்ணாடியை மாற்றுவது. பீடிங் உள்பக்கம் இருந்தால், நீளமான பீடிங்கின் நடுவில் பட்டைக் கத்தியை நுழைத்து மெதுவாகத் தூக்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்று குறித்து வைக்க வேண்டும். கண்ணாடியின் அகலம், உயரம், மொத்தத் தடிமன் மூன்றையும் அளக்க வேண்டும். 24, 28 மில்லிமீட்டர் தடிமன்கள் சகஜம். வந்த பிறகு ஒரு மில்லிமீட்டர்கூடச் செதுக்க முடியாது என்பதால் அளவு தப்பினால் காசு வீண். கண்ணாடி சட்டத்தின் மேல் நேரடியாக உட்காரக்கூடாது. பேக்கர் எனப்படும் பிளாஸ்டிக் துண்டுகளின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் அடியில் தண்ணீர் ஓட வழியிருக்கும். தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும் ஜன்னலுக்கும், கதவில் 1500 மில்லிமீட்டருக்குக் கீழே வரும் கண்ணாடிக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போடுவது அங்கே விதி. மாடி ஜன்னல் என்றாலும், பெரிய கண்ணாடி என்றாலும் தனியாளாக இறங்க வேண்டாம்.

கண்ணாடியில் சின்னத் துளை போட்டு உலர்த்தித் தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பார்வை தெளியலாம். ஆனால் ஆர்கான் திரும்பி வராது, கெட்ட ஓரம் கெட்டதுதான். பதப்படுத்திய கண்ணாடியில் துளை போட்டால் நொறுங்கிவிடும்.

எதைத் தூக்கிப் போடுவது?

ரஷ்யக் கிராமத்து ஜன்னலை எப்போது வேண்டுமானாலும் திறந்து துடைக்கலாம். ஸ்டெட்சன் யோசனைக்குப் பிறகு வந்தது திறக்க முடியாத பெட்டி. சுகம் கூடியது, சூடு மிச்சமானது, பெட்டிக்குள் கை வைக்கும் உரிமை போனது. ஆனால் அந்தப் பெட்டி ஜன்னலின் ஒரு பாகம்தான். சட்டம், கீல், பூட்டு, ரப்பர், வடிகால் எல்லாம் இன்னும் ஸ்க்ரூடிரைவருக்குக் கட்டுப்பட்டவை. பெட்டி கெட்டால் பெட்டியை மாற்றலாம், கீல் கெட்டால் கீலை மாற்றலாம். மங்கிய ஒரு கண்ணாடிக்காக நல்ல சட்டத்தையும் சேர்த்துக் குப்பையில் போடுவது, டயர் பஞ்சரானதற்காக சைக்கிளையே விற்பது மாதிரி.